உடைந்திருக்க வேண்டிய துண்டு

கண்ணு,

இந்த உறையை நீ கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிரித்திருப்பாய். அப்பன் கொடுத்த உறையிலிருந்து ரப்பர் பல்லி குதிக்கும், மிளகாய்ப்பொடி பறக்கும், எதுவும் இல்லாவிட்டால் உறைக்குள் இன்னோர் உறை இருக்கும் என்று இருபத்தெட்டு வருடமாக உனக்குப் பழகிப்போயிருக்கிறது. இந்த முறை குதிக்க ஒன்றும் வைக்கவில்லை. கோயமுத்தூர்க் குசும்பு என்று ஊரே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சரக்கு எனக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகவே விழுந்துவிட்டது. உன் பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் இட்லிக்கு நடுவே பஞ்சு உருண்டையை வைத்து அனுப்பியவன் நான். உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனும் நான்தான். "இந்த மனுசனுக்குப் பதினாறு வயசுலயே கடியாரம் நின்னுபோச்சுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அன்றைக்கு உன் அம்மா சம்பந்தி வீட்டாரிடம் கெஞ்சினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கிற ஆளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதை நான் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அந்த வசதியை மூன்று வருடமாக மிகவும் மோசமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். பெருந்துறையில் ஒறம்பரை, சொந்தபந்த வீடுகளுக்கெல்லாம் உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பும்போது பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினேன். எப்போதும்போல நான் ஓட்டினேன். நீ பக்கத்து சீட்டில் இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குழாயைக் கையில் பிடித்தபடி குனிந்து உள்ளே பார்த்தார். "ஏனுங்க தம்பி! முதுகு இப்ப எப்படிங்க இருக்குது?" என்றார். மாரிமுத்து. நீ கண்ணாடியை ஏற்றினாய். ஏற்றிவிட்டு என்னிடம், "இந்த ஆளை இன்னும் ஒரு வண்டி பக்கத்துல நிக்க விட்டிருக்காங்க பாருங்கப்பா" என்றாய். அப்போது நான் செய்ததை நீ மறந்திருக்கலாம். நான் ஒரு ஜோக் அடித்தேன். "பங்க்ல லேட்டானா ஒண்ணும் ஆகாது கண்ணு, ஆர்ன்தான் அடிப்பாங்க" என்றேன். நீ சிரித்தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பெட்ரோல் மூடியைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தார்.

மூன்று வருடமாக நீ இரண்டு விஷயங்களை நம்பிக்கொண்டிருக்கிறாய். மாரிமுத்து வடத்தைத் தாமதமாக வெட்டியதால்தான் நீ கிளைடரோடு விழுந்தாய் என்பது ஒன்று. உன் கை உறைந்துபோய், நீயும் தாமதமாகத்தான் குமிழை இழுத்தாய் என்பது இன்னொன்று. முதலாவதை எல்லாரிடமும் சொல்வாய். இரண்டாவதை என்னிடமும், இப்போது நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடமும் மட்டும் சொல்லியிருக்கிறாய். இரண்டும் பொய். இந்த வாரம் வரைக்கும் இரண்டும் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். மாரிமுத்துவைப் பன்னிரண்டு பேர் முன்னால் நிறுத்திக் குற்றம் சொன்னோம். அதனால் இந்தக் கடிதமும் உனக்கு மட்டும் அல்ல, அந்தப் பன்னிரண்டு பேருக்கும்தான். ஆனால் முதல் பிரதி உன்னுடையது.

கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்பது உன் யோசனை. அன்னூருக்குப் பக்கத்தில் தங்கவேல் மாமாவின் விவசாயக் காடு, மூன்று போர்வெல்லும் வறண்டு சும்மாக் கிடந்தது. அதைச் சமன்படுத்தி ஓடுபாதையாக்கி ஒரு கிளப் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று நீதான் வந்து சொன்னாய். "எஞ்சினே கெடையாதுங்கப்பா, வெறும் காத்துலயே பறக்கும்" என்றாய். "விமானத்துல எஞ்சினைக் கழட்டிட்டா மிச்சம் மானம்தான் கண்ணு. அதுவும் ஏறி உக்காந்தாப் போயிரும்" என்றேன். இருந்தாலும் நீ கூப்பிட்டதில் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதி. வேலைக்குப் போன பிறகு நீ என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. கணபதியில் இருக்கும் நம் பட்டறையின் லேத்துச் சத்தத்துக்குள்ளேயே உன் மீசை முளைத்துவிட்டது; நாம் இருவரும் சேர்ந்து ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பி, அன்னூரில் டீ குடித்துவிட்டு, காட்டுக்குள் போய் அந்த வெள்ளை இறக்கைகளின் தார்ப்பாயை உருவும்போது, என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் இருந்ததாக நினைவில்லை. இப்போது அதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அங்கே வராத உன் அம்மாவும் அந்தப் பெண்ணும் படிக்கக்கூடும் என்பதால் ஏறும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தின் ஒரு முனையைக் கிளைடரின் அடிவயிற்றுக் கொக்கியில் மாட்டுவோம். மறுமுனையில், காட்டின் அந்தக் கோடியில், பழைய லாரி எஞ்சினும் அது சுழற்றும் உருளையும் இருக்கும். அதுதான் வின்ச். அதை ஓட்டியவர்தான் மாரிமுத்து. அதற்கு முன் இருபது வருடம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். அவர் வடத்தைச் சுருட்டச் சுருட்ட, நூலை இழுத்துக்கொண்டு ஓடினால் பட்டம் ஏறுகிற மாதிரி கிளைடர் செங்குத்தாக ஏறும். உச்சியில் ஓட்டுகிறவர் ஒரு மஞ்சள் குமிழை இழுத்தால் கொக்கி திறந்து வடம் விழும். அதற்குமேல் காற்றும் அவரும்தான். கொக்கி திறக்காமல் போனால் மாரிமுத்து தன் பக்கத்தில் இருக்கும் கத்தியை இறக்கி வடத்தை வெட்டிவிட வேண்டும்.

பறக்கக் கற்க வந்தவன் பரக்கப் பரக்க விழித்த கதை உனக்கு மனப்பாடம். நம் பயிற்சியாளர், நாம் எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட்ட அந்தப் பொள்ளாச்சிக்காரர், எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, விழப்போகிற நேரத்திலும் மரியாதை குறையாமல், "ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, மூக்கைக் கொஞ்சமா இறக்கிக்கறீங்களா?" என்பார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அன்னூர் ஒரு பனை உயரம் பக்கத்தில் வந்துவிடும். பயந்தால் என் கை கிளைடரை ஓட்டும் குச்சியை நெஞ்சுப் பக்கம் இழுத்துவிடும். கிளைடரில் அது நேர்மாறு. பயந்தால் குச்சியை முன்னால் தள்ளவேண்டும். மூக்கு தரையைப் பார்க்கவேண்டும். அப்போதுதான் வேகம் வரும், வேகம் இருந்தால்தான் இறக்கை தாங்கும். பதினோரு முறை ஏறியும் என் கைக்கு அது ஏறவில்லை. கடைசியில் கேப்டன், "நீங்க கீழ இருந்து ஒத்தாசை பண்ணுனா எங்களுக்குப் பெரிய உபகாரமுங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் துரத்தியதில்லை. அன்றிலிருந்து வடத்தைக் கொக்கியில் மாட்டும் வேலை என்னுடையது. சும்மா இருக்கவில்லை நான். அடுத்த வாரமே கேப்டனின் இருக்கையில் ரப்பர் பல்லியை வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "இங்க வெச்ச சாமானை வெச்ச எடத்துல இருந்து ஒருத்தரும் மாத்தக் கூடாதுங்க. வெளையாட்டுக்குக்கூட வேண்டாமுங்க" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கும் கேட்டது.

நீ என்னைவிட நன்றாக ஓட்டினாய். உனக்கு ஒரே குறைதான். ஏறும்போது ஆசையில் குச்சியை அதிகமாக இழுப்பாய். அப்படி இழுத்தால் வடத்தில் பாரம் ஏறும். பாரம் அளவைத் தாண்டினால் உடைவதற்கென்றே கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும், தீப்பெட்டி நீளத்தில், இரண்டு ஓட்டை போட்டு, சிவப்பு அடித்து. வீக் லிங்க் என்பார்கள். நான் அதற்கு நோஞ்சான் என்று பெயர் வைத்திருந்தேன். உன் முறை வரும்போதெல்லாம் 'டப்' என்று சத்தம் கேட்கும், நோஞ்சான் போய்விடும், கேப்டன் மூக்கை இறக்கச் சொல்லி உன்னைப் பாதியிலேயே தரைக்குக் கொண்டுவருவார். புதுத் துண்டை மாட்டுவதற்குள் உன் நேரம் முடிந்துவிடும். "இன்னைக்கு எத்தனை விக்கெட்டுங்க தம்பி?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே வந்து காரில் ஏறுவாய். காளப்பட்டி வரும் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டாய்.

அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. கேப்டனிடம் போனேன். "ஏனுங்க, இதை ஒடையாத மாதிரி நான் செஞ்சு தாரேனுங்க" என்றேன். "வேண்டாமுங்க. ஒடையறதுதான் அதோட வேலை. பையன் ஜாஸ்தி இழுக்கறான்னு அதுதான் நமக்குச் சொல்லுது. அது வாய மூடுற வரைக்கும் நான் அவனைத் தனியா அனுப்பமாட்டேன்" என்றார். "ஒடையறதுக்குன்னே ஒரு சாமானுங்களா? என்ற பட்டறையில இப்படி ஒண்ணு செஞ்சன்னா, வாங்குனவன் என்னையத்தான் ஒடைப்பான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது இன்னொரு பொய். வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. ஆனால் முப்பத்தைந்து வருடம் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தவன் நான். உடைந்து திரும்பி வந்த ஒரு சாமானை மேசையில் வைத்துவிட்டால் இந்த ஊரில் எந்தப் பட்டறைக்காரனுக்கும் சோறு இறங்காது. உடைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம், ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஷாஃப்டுக்கு வைத்திருந்த நல்ல எஃகில் அதே நீளம், அதே அகலம், அதே ஓட்டையோடு ஒன்றைச் செய்தேன். அதே சிவப்பை அடித்தேன். கையில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஞாயிறு காலை யாரும் பார்க்காதபோது மாற்றினேன். பல்லியை மாற்றி வைக்கத் தெரிந்த கைக்கு அது பெரிய வேலை இல்லை. ஒரு மாதம் கழித்து எல்லாரும் டீ குடிக்கும்போது இரண்டு துண்டையும் மேசையில் போட்டு, "எதுங்க நோஞ்சான், எதுங்க நம்ம பயில்வான்?" என்று கேட்டுக் கேப்டனின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று இருந்தேன். என் குசும்பிலேயே பெரிய குசும்பு அதுதான் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பு மட்டும் பலித்துவிட்டது.

அதற்குப் பிறகு 'டப்' சத்தமே இல்லை. வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. விக்கெட் கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நீ காரில் பாட்டு முணுமுணுத்தாய். "கை பழகிடுச்சுங்க உங்க பையனுக்கு" என்று கேப்டன் என்னிடமே வந்து சொன்னார். நான் தலையாட்டினேன். கண்ணு, உன் கை பழகியிருக்கவில்லை. நீ முன்னைப்போலவேதான் இழுத்துக்கொண்டிருந்தாய். உனக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாத்தியாரின் வாயை நான் எஃகால் அடைத்துவிட்டேன். அந்த அமைதியை நம்பித்தான் கேப்டன் உன்னைத் தனியாக அனுப்பினார். நீ முதல்முறை தனியாகப் போய் இறங்கிய அன்று உன் அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். நான் நாலு தின்றேன். இப்போது அதன் வாசனை எழுந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன். உன் அம்மா எனக்குச் சர்க்கரைக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ ஐந்தாவது முறை தனியாக ஏறிய நாளில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று விட்டுவிட்டு அடித்தது. வடத்தை என் கையால் மாட்டினேன். "கட்டை விரலைக் காட்டுங்கப்பா" என்று உள்ளேயிருந்து சிரித்தாய். காட்டினேன். பாதி உயரத்தில் ஒரு காற்று வந்து மோதியது, நீயும் இழுத்தாய், வடம் நாண் மாதிரி விறைத்ததைக் கீழேயிருந்து பார்த்தேன். 'டப்' வரவேண்டிய இடம் அதுதான். என் உடம்பு முழுக்கக் காதாக நின்றேன். வரவில்லை. துண்டு தாங்கிவிட்டது, அதற்குப் பதில் கிளைடரின் அடிவயிற்றுக் கொக்கி வளைந்தது. வளைந்த கொக்கி உச்சியில் திறக்கவில்லை. மாரிமுத்து வெட்டினார். உனக்குக் கீழே முந்நூறு மீட்டர் கம்பிவடம் தொங்கிக்கொண்டு வந்தது. நீ இறங்க வந்தபோது அது கிளுவை வேலியின் கல்தூணில் மாட்டி இழுக்க, ஒரு தென்னை உயரத்திலிருந்து மூக்குக் குத்தி விழுந்தாய்.

அடுத்த நிமிடத்தைத்தான் நான் மூன்று வருடம் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தவன் நான். மற்றவர்கள் கண்ணாடி மூடியைத் திறந்து உன் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடிவயிற்றுப் பக்கம் மண்டியிட்டேன். அப்பா அங்கேயே மண்டியிட்டு அழுதார் என்று நீ நினைவு வைத்திருக்கிறாய். உன் வருங்கால மனைவியிடம் அதைச் சொன்னாயாம். அந்தப் பெண் போன மாதம் என்னிடம் வந்து, "மாமா, உங்க பாசத்தைப் பத்தி அவர் சொன்னாருங்க" என்று கண் கலங்கினாள். கண்ணு, நான் அழவில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோஞ்சான் இருக்கும். எஃகுத் துண்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அதை அந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். நீ "அப்பா, காலைக் காணோம்பா" என்று கத்துகிறாய். நான் ஆணியைத் திருகுகிறேன். முடித்த பிறகுதான் உன் கையைப் பிடித்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரத்திலேயே காட்டில் கூட்டம் போட்டார்கள். தங்கவேல் மாமா நடுவில் உட்கார்ந்தார். கேப்டன் துண்டை எடுத்துக் காட்டினார். "இது ஒடையாம நல்லா இருக்குதுங்க. அப்ப ஏறும்போது பாரம் அளவுலதான் இருந்திருக்குது. கொக்கி எப்படி வளைஞ்சுதுன்னுதான் எனக்குப் பிடிபடல" என்று குழம்பினார். மாமாவுக்குக் குழப்பம் இல்லை. "வின்ச்சைத் தாண்டிப் போற வரைக்கும் இவன் வெட்டாம வேடிக்கை பார்த்திருக்கறான். பின்னால இழுத்து வளைஞ்சிருக்குது. வேற என்ன?" என்றார். மாரிமுத்து நின்ற இடத்திலிருந்தே, "பார்த்த ஒடனே வெட்டிப்போட்டனுங்க சாமி" என்றார். "நீ பேசாத. உன்னையக் கேக்கறப்பச் சொல்லு" என்றார் மாமா. அவரை யாரும் கேட்கவே இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் நானும் நாற்காலியில் இருந்தோம், அவர் நின்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவரை நான் கடைசிவரை வா போ என்றுதான் பேசியிருக்கிறேன். அவருக்குப் பதில் ஒரு சொந்தக்காரர் அந்த வின்ச்சை ஓட்டியிருந்தால் கூட்டம் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்குமா என்று நீயே யோசித்துக்கொள். அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் கிளப்பையும் மூடினார்கள். என் கால்சட்டைப் பையில் அந்த எஃகு தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெற்ற மனம் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் நீ பிழைக்கட்டும் என்று இருந்தேன். பிறகு நீ நடக்கட்டும் என்று இருந்தேன். நீ நடந்தாய். அப்புறம் நீ என்னைப் பார்த்து மறுபடி சிரிக்க ஆரம்பித்தாய். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான், இதற்குமேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் நீ அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "அவசரத்துல என் கை உறைஞ்சு போகும்பா, என்னை நம்பி யாரும் உக்காரக் கூடாது" என்றாய். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்தான் வண்டி ஓட்டப்போகிறாள் என்று இரண்டு வீட்டிலும் கேலி செய்கிறார்கள். கேலியை ஆரம்பித்துவைத்தவன் நான். மணவறையில் உன்னால் சம்மணம் போட்டு உட்கார முடியாது என்று நாற்காலி சொல்லியிருக்கிறோம். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நான் வருகிறவர்களைக் கும்பிடவேண்டும்.

புதன்கிழமை நான் மட்டும் பெருந்துறைக்குப் போனேன். மாரிமுத்துவுக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம். எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தார். "தம்பிக்குக் கல்யாணமுங்களா? வண்டிக்குள்ள பத்திரிகைக் கட்டைப் பார்த்தனுங்க" என்றார். நான், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்ங்க" என்று ஆரம்பித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைச் செய்தது, மாற்றியது, திரும்ப மாற்றியது. அவர் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன்; அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்ப நான் நேரத்துக்குத்தான் வெட்டுனனுங்களா?" என்றார்.

"நேரத்துக்குத்தாங்க. அதுக்கு முன்னால யாராலயும் வெட்டியிருக்க முடியாதுங்க."

"தெனமும் எண்ணிப் பார்ப்பனுங்க. வடம் கழலலைன்னு கண்டதுல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுல வெட்டுனனா நாலுல வெட்டுனனான்னு. அத்தனை பேருஞ் சொன்னீங்களா, செரி நாலுதான்னு வெச்சுக்கிட்டனுங்க. போர்வெல் ரிக் வண்டிக்குத் திரும்பக் கூப்பிட்டாங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க. லேட்டாகற கையை வெச்சுக்கிட்டு ஒருத்தர் உசுரு இருக்கற எடத்துல நிக்கக் கூடாதுங்களே."

எல்லாரிடமும் சொல்கிறேன், மறுபடி மிஷின் வேலைக்கு நானே ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "கை மறந்துபோச்சுங்க. இனி எதுக்கு?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு, "தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அவரும் எண்ணிக்கிட்டுத்தான் இருப்பாருங்க. போங்க. மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க" என்றார். ரோட்டைக் கடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கவேல் மாமாவுக்குப் போனில் சொன்னேன். "கல்யாண நேரத்துல இதெதுக்குங்க மாப்ளே, போனது போச்சு" என்றார். கேப்டன் முழுதாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உன் அம்மாவிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் ஏதாவது சரியாகும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. எதுவும் ஆகவில்லை. உன் முதுகில் நசுங்கிய எலும்பு நிமிரப் போவதில்லை. அந்தக் காட்டில் இப்போது ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேலம் நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் மகனுக்குப் புத்தி சொல்லவேண்டுமாம். நாளை உனக்குப் பிறப்பது வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தால், அதைச் சிரிக்கவைக்க அவசரப்படாதே என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. மணமேடைக்கு வராதீர்கள் என்று நீ சொன்னால் நான் வரமாட்டேன். யாருக்கும் காரணம் சொல்லவேண்டிய கஷ்டம் உனக்கு இருக்காது. அவர்கள் கையிலும் இந்தக் கடிதம் இருக்கும்.

ஒன்று மட்டும் உனக்கு என்னைவிட்டால் சொல்ல ஆள் கிடையாது. குமிழை இழுப்பதற்கு முன் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வடத்தைத் தளர்த்தவேண்டும் என்று கேப்டன் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்றைக்கு எல்லாரும் வடத்தையும் வின்ச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உன்னை மட்டும்தான் பார்த்தேன். உச்சிக்குப் போனதும், சரியாக அந்த இடத்தில், உன் மூக்கு தாழ்ந்தது. கழலவில்லை. மறுபடி தாழ்ந்தது. மறுபடியும் தாழ்ந்தது. மூன்று முறை, அவசரம் இல்லாமல், சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி. உன் கை உறையவில்லை, கண்ணு. நீ நேரத்துக்குத்தான் இழுத்தாய். எண்ணுவதை நிறுத்திவிடு.

அப்பா